சாகப்போறவனுக்கு மட்டும் தெரியக்கூடாது

தப், தப், தப்.

மொண்ணையம்பட்டி கண்ணில் படுவதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் காதில் விழும். யாரோ யாரையோ அடிக்கிறார்கள், நமக்கெதற்கு வம்பு என்று வந்த வழியே திரும்பிப் போனவர்களும் உண்டு. அடிபடுவது இலவம்பஞ்சு. அடிப்பவன் தீர்த்தகிரி. கோலால் பஞ்சை அடித்து, விதை பொறுக்கி, தலையணை தைப்பது அவன் பிழைப்பு. ஊரில் அவன் தைத்த தலையணையில் படுக்காதவர் கிடையாது. அவனை நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்டவரும் கிடையாது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ராசா வேஷம் வந்தது. ஊரில் முதல் தடவையாகக் கூத்துக் கட்டினார்கள். வெளியூர் வாத்தியார் கொண்டுவந்த கிரீடம் மற்றவர்களுக்கெல்லாம் மூக்குவரை இறங்கியது; தீர்த்தகிரி தலையில் மட்டும் நின்றது. ஆகவே அவன் வீரகேது மகாராசன். ராசாவின் மைத்துனனாக எல்லப்பன். இவன் நிசத்திலும் தீர்த்தகிரியின் மச்சான்தான், பெண்டாட்டி கன்னிம்மாவின் தம்பி. வேஷங்களைச் சபைக்கு அறிமுகம் செய்கிற கட்டியங்காரனாகச் சைக்கிள் கடைத் துளசிங்கம்.

பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்த வாத்தியார், கதையின் முடிவை ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குத்தான் சொன்னார். அந்நேரம் தீர்த்தகிரி பக்கத்துத் தெருவில் மெத்தைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். அதனால் இனி வருவதை அவன் காதில் விழாமல் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

"மைத்துனன் குத்தி ராசா சாகிறான்," என்றார் வாத்தியார், ஒரு காலை பஸ் படியில் வைத்துக்கொண்டு. "இது சோகக் கூத்து. ராசா திரையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே, இவன் இன்னார், இவனுக்கு இன்ன கதி வரப்போவுதுன்னு சபைக்குச் சொல்லிடணும். எல்லாருக்கும் தெரியணும். சாகப்போறவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. அழுகையே அதுலதான் இருக்குது."

பஸ் போய்விட்டது. துளசிங்கமும் எல்லப்பனும் அங்கேயே நின்று கணக்குப் போட்டார்கள்.

"எல்லாருக்கும் தெரியணும்னா, இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் முடியும்," என்றான் துளசிங்கம்.

"மாமனுக்குத் தெரியக்கூடாதே."

"அவர் வீட்டை விட்டுட்டுச் சொல்லுவோம்."

வீடு வீடாகச் சொன்னார்கள். 'கூத்தில்' என்கிற சொல் நாலாவது வீட்டிலேயே உதிர்ந்துபோனது. தெருக்கோடிக்குச் சேதி போய்ச் சேர்ந்தபோது அது இப்படி இருந்தது: தீர்த்தகிரி மச்சான் கையால சாகப்போறான், பாவம், அவனுக்குத் தெரியாது.

மறுநாள் டீக்கடையில் தீர்த்தகிரி கேட்காமலே பன் வந்தது. வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவனைக் கட்டிக்கொண்டு, "வேலி என்னய்யா வேலி," என்றார். போகிறவர்கள் எல்லாம் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். கிணற்றடியில் சேதி கேட்டுவந்த கன்னிம்மா தினமும் முட்டைக் குழம்பு வைத்தாள். தம்பி வந்தால் மட்டும் சட்டியை மூடினாள்.

கிரீடத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டான் தீர்த்தகிரி. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு காலம் ஊருக்குக் கண் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

தலையணைக்குச் சொல்லியிருந்த முனியம்மா ஓடிவந்தாள். "எப்பா, அதுக்கு முன்னாடி என் தலையணையை முடிச்சுக் குடுத்துடு."

"எதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருப்பா," என்று சொல்லிவிட்டு, சொன்னது பொருந்தவில்லையே என்று யோசித்தபடி போனாள்.

ஒத்திகையில் முடிவு வந்ததும் தீர்த்தகிரியை டீ வாங்க அனுப்பினார்கள். தூக்குவாளியோடு திரும்பி வந்தால் மத்தளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். "கடைசியில நான் என்ன பண்றேன்?" என்று கேட்டான். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், மாமா," என்றான் எல்லப்பன். "எல்லாம் நானே பாத்துக்கறேன்."

நல்ல பிள்ளை என்று நெகிழ்ந்தான் தீர்த்தகிரி.

கூத்து நடுப்பகலில் வைத்தார்கள். சபைக்கு எல்லாம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். பின்னால் ராசா. அறிமுகம் அவன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தான் துளசிங்கம்.

"இது எதுக்கு?"

"ராசாவுக்குக் காதுல காத்துப் படக்கூடாது."

அது தலையணைக்காரன் காதில் வைக்கிற பஞ்சா? யாரோ மரத்தடியில் பொறுக்கியது, விதை உறுத்தியது. தீர்த்தகிரி பொறுத்துப் பார்த்தான். தொழில் விடவில்லை. ஒரு காதுப் பஞ்சை உருவி எடுத்து, விதை பொறுக்க ஆரம்பித்தான்.

"வருகிறார் வீரகேது மகாராசன்," திரைக்கு அந்தப் பக்கம் துளசிங்கம் முழங்கினான். "எட்டுத் திசையும் வென்றவர். பொழுது சாய்வதற்குள் மச்சான் கையால் குத்துப்பட்டுச் சாகப்போகிறார். அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லிடாதீங்க."

சபை ஓவென்று அழுதது. தீர்த்தகிரி திரைக்கு மேலே தலையை நீட்டினான்.

"நான் சாகப்போறனா?"

அழுகை நின்றது. கன்னிம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பன், முட்டைக் குழம்பு, வேலி எல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிரீடம் மட்டும் அசையவில்லை.

துளசிங்கம் நெற்றியைத் தேய்த்தான். "இரு, இரு. வாத்தியார் என்ன சொன்னார்? சாகப்போறவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்போ நீ சாகப்போறவன் இல்ல."

"சத்தியமாவா?"

"வாத்தியார் வாக்கு."

கன்னிம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் எல்லப்பன் கத்தியோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தான். "அப்போ வேற யாரு சாகப்போறது?"

"யாருக்குத் தெரியலையோ, அவன்."

எல்லப்பன் கையிலிருந்து கத்தி விழுந்தது. "எனக்குத் தெரியாதே, மாமா."

"எனக்குந்தான் தெரியாது," என்றார் மத்தளக்காரர் மெதுவாக. சபையில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் கூத்து எங்கே நடந்தது? தெரிந்துகொண்டு தப்பித்துவிட மொத்த ஊரும் திரைக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொருவராக வர, துளசிங்கம் தொண்டை கட்டும்வரை அறிமுகம் செய்தான். "வருகிறார் டீக்கடைக்காரர், இவரும் சாகப்போகிறார்." அவர் "அப்பாடா" என்று கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார். முனியம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்லச் சொல்லி நிம்மதியாகப் போனாள். கடைசியில் துளசிங்கம் மட்டும் மிஞ்சி, வெளிறிப்போய் நின்றான்.

"நீயுந்தான், துளசிங்கம்," என்றான் தீர்த்தகிரி.

"உனக்குப் பெரிய மனசு," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான் துளசிங்கம்.

வீடு திரும்பும் வழியில், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கூழுதான் இருக்குது," என்றாள் கன்னிம்மா.

முனியம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். "நீதான் சாகலையாமே. தலையணைக்கு அவசரமில்ல, மெதுவாவே குடு."

தீர்த்தகிரி கிரீடத்தைக் கழற்றி விதைகளைப் போட்டுவைக்க ஓரமாக வைத்தான். இன்னொரு காதில் இருந்த பஞ்சையும் கையில் இருந்ததையும் உதறி, மிச்ச விதையைப் பொறுக்கிக் கிரீடத்தில் போட்டான். பஞ்சை முனியம்மா தலையணைக்குள் திணித்தான். அப்புறம் கோலை எடுத்தான்.

தப், தப், தப்.