கிழிந்த வலைக்கு ஒரு பெயர்

இந்த வழக்கைக் கேட்டதும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வெரோனிக்கா டீச்சரே ஒரு பகல் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட வழக்கு இது.

தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தாரந்துறை என்றொரு மீனவர் ஊர். கடலில் சேரும் குப்பையைப் பற்றி ஜனங்கள் யோசிக்க வேண்டும் என்று அங்கே ஒரு கலைவிழா நடத்தினார்கள். வெளியூர்க் கலைஞர்கள் வந்து இறங்கினார்கள். பாட்டில் மூடியில் திமிங்கலம், பழைய செருப்பில் தேவதை என்று கடற்கரை அமர்க்களப்பட்டது. பரிசு ஒன்றே ஒன்று. அதைப் பெறும் படைப்பு அதே மணலில் நிரந்தரமாக நிற்கும். பக்கத்தில் ஒரு கல், கல்லில் ஒரே ஒரு பெயர். நடுவர், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் வெரோனிக்கா. ஓவியக் கல்லூரியில் படித்தவள் என்று வந்தவர்களுக்கு அவள்மேல் மதிப்பு. இங்கே வாழ்க்கைப்பட்டவள் என்று ஊருக்கு அவள்மேல் உரிமை. மாட்டிக்கொள்வதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

சென்னையிலிருந்து வந்த நிரஞ்சன் ஒரு யோசனை வைத்திருந்தான். கரையில் நின்றே இழுக்கிற கரைவலையை மீனுக்காக அல்லாமல் குப்பைக்காக இழுப்பது; வந்ததை வலையோடு அப்படியே கம்பங்களில் தொங்கவிடுவது; 'இன்றைய மீன்பாடு' என்று அதற்குப் பெயர் வைப்பது. வலைக்காரரான சம்மாட்டி சூசை, ஓரமாகக் கிடந்த பழைய வலையைக் காட்டினார். நிரஞ்சன் ஒப்பவில்லை. தினமும் கடலுக்குப் போகிற வலைதான் வேண்டும், அப்போதுதான் உண்மையாக இருக்கும் என்றான். சூசையிடம் அப்படி இருந்தது ஒன்றுதான். ஊர் விழா ஆயிற்றே என்று கொடுத்தார்.

காலையில் வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் இழுத்தார்கள். நிரஞ்சன் கேமராவோடு கரையில் நின்றான். மீன் சேரும் பையை மடி என்பார்கள். அது கரையை நெருங்கும்போதுதான் பார்த்தார்கள்: பாலித்தீனும் நைலான் கயிறுமாக அடைந்த மூட்டைக்குள் ஒரு பெரிய ஆமை. வலைக்கண்ணும் கயிறும் கழுத்தில் சுற்றி, ஒவ்வோர் அலைக்கும் இறுகிக்கொண்டிருந்தன.

"வலையை வெட்டிடாதீங்க! கரைக்கு வந்துடட்டும், ரெண்டு நிமிஷம்தான்!" என்று கத்தினான் நிரஞ்சன்.

அதற்குள் ஃபரீதா தண்ணீரில் இறங்கிவிட்டாள். துணியில் பவளப்பாறை செய்து எடுத்துவந்த நாகூர்க் கலைஞர் அவள். இடுப்புப் பையில் கத்தரிக்கோல் இருந்தது. ஆனாலும் அதை எடுக்கவில்லை. சம்மாட்டி சொல்லாமல் அவர் வலையில் யாரும் இரும்பை வைப்பதில்லை. அடுத்தவர் சோற்றுப் பானையில் கை விடுவது போன்றது அது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது தெரியும். அவள் சூசையைப் பார்த்தாள். கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சூசை ஒரு கையை விட்டு, இடுப்பிலிருந்த கத்தியை உருவி நீட்டினார்.

"அறும்மா," என்றார். அவள் அறுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆமை பிழைத்துப் போயிற்று. கிழிசல் வழியே மணலில் கொட்டிய குப்பையை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த வெறும் வலையை நிரஞ்சன் அரைமனதாகக் கம்பங்களில் தொங்கவிட்டான். அங்கேதான் வேடிக்கை. ஆள் உயரக் கிழிசல் வழியே கடல் தெரிந்தது. திமிங்கலத்தையும் தேவதையையும் விட்டுவிட்டுக் கூட்டமெல்லாம் அதன் முன்னால் போய் நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிறந்த படைப்பு எது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அது யாருடையது என்பதில்தான் சண்டை.

"யோசனை என்னுது மேடம். தொங்கவிட்டதும் நான்தான்," என்றான் நிரஞ்சன்.

"நீங்க தொங்கவிட நினைச்சது குப்பையை. அது டிராக்டர்ல போயிடுச்சு. எல்லாரும் பாக்கறது நான் அறுத்த இடத்தை," என்றாள் ஃபரீதா.

"வலை யாருது? கத்தி யாருது? சம்மாட்டி பேரைப் போடுங்க டீச்சர்," என்றது ஊர்.

நிரஞ்சன் பேசும்போது அவன் சொல்வது சரியென்று பட்டது வெரோனிக்காவுக்கு. ஃபரீதா பேசினால் அதுவும் சரி. ஊர் பேசினால் அதைவிடச் சரி. கல்லில் நிரஞ்சன் பெயரை வெட்டினால் நாளைக்கு இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. சூசை பெயரை வெட்டினால் வந்தவர்கள் ஊர்ப்பாசம் என்பார்கள். ஃபரீதா பெயர் என்றால் இரண்டு பக்கமும் திட்டும். ஏன் இந்தப் பொறுப்பை ஏற்றோம் என்று அழுகையே வந்தது அவளுக்கு.

சூசை மட்டும் எதையும் கேட்கவில்லை. கிழிசலின் ஓரத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அவளிடம் வந்து, "எப்பம் முடியும் டீச்சர்?" என்றார். இவருக்குமா பரிசுக்கு இத்தனை அவசரம் என்று அவளுக்கு வருத்தமாகப் போய்விட்டது.

சாயங்காலம் கல் வெட்டுகிறவர் உளியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மைக்கை வெரோனிக்காவின் கையில் திணித்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நினைத்தவன் ஒருவன், அறுத்தவள் ஒருத்தி, அறுக்கக் கொடுத்தவர் ஒருவர். கல்லில் யார் பெயர் நிற்பது சரி?

விடை இது. நிரஞ்சன் நினைத்தது நடக்கவில்லை. நடந்ததை அவன் தடுக்கப் பார்த்தான். ஃபரீதா செய்தது நல்ல காரியம், ஆனால் அதனால் அவளுக்கு நஷ்டம் ஏதுமில்லை. அந்தக் கிழிசலில் தன் பிழைப்பை விட்டவர் சூசை ஒருவர்தான். அவர் பெயரையே வெரோனிக்கா சொன்னாள். கைதட்டல் அடங்கியதும் சூசை கேட்டார்: "பேரு இருக்கட்டும் டீச்சர். வலையும் இங்கனயே நிக்கணுமா? அப்பம் நான் எதைக் கொண்டு கடலுக்குப் போவேன்?" அவர் எதற்காகச் சாண் போட்டு அளந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. "வலையை அவுத்துக் குடுத்துடுங்க. கம்பமும் கல்லும் நிக்கட்டும்," என்றாள். "அப்போ நடுவுல என்ன மேடம் இருக்கும்?" என்றான் நிரஞ்சன். "கிழிசல் வழியா எல்லாரும் எதைப் பாத்தாங்களோ, அதுதான்." நிரஞ்சன் கிழிசல் வழியே கடலைப் பார்த்துவிட்டு, முதல் முடிச்சைத் தானே அவிழ்த்தான். மறுநாள் காலையில், தன் பெயர் வெட்டிய கல்லில் சாய்ந்துகொண்டு சூசை வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.