குடுவைக்குள் பன்னிரண்டு விரல்

விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் மாரிக்கொழுந்தின் கணக்கை ராணி மெச்சிய நாள்முதல் அரண்மனைப் பண்டிதர் சேஷாத்திரிக்கு வயிறு எரிந்தது. விடியலில் நிறைகுடுவை விளக்கொன்றை ஏற்றி, அறையைப் பூட்டி, நடுவே தாமே கொஞ்சம் எண்ணெய் சேர்த்தார். நான்கு நாழிகை கழித்து ராணி முன்னால் மாரிக்கொழுந்தை அழைத்தார்.

"நாலு நாழிகைக்கு முந்தி இதை ஏத்தும்போது எண்ணெய் எத்தனை விரல் இருந்தது? தப்பாச் சொன்னா வேலை போயிடும்."

அவள் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தாள், எட்டு விரல். ஒரு நாழிகை பொறுத்துப் பார்த்தாள், ஏழு.

"நாழிகைக்கு ஒரு விரல் குறையுது. போன நாலு நாழிகைக்கு நாலு. எட்டும் நாலும் பன்னிரண்டு, சாமி."

"குடுவை உயரமே பத்து விரல்தானடி, நிறைய ஊத்தித்தான் ஏத்தினேன்" என்று பண்டிதர் சிரித்தார்.

"அப்போ நடுவுல யாரோ ரெண்டு விரல் ஊத்தியிருக்காங்க, தாயே. சாவி சாமிகிட்டதான் இருந்துச்சு."

ராணி பண்டிதரைப் பார்த்தாள். "இனி கணக்கை அவள் பார்க்கட்டும். எண்ணெய் ஊற்ற உமக்குத்தான் கை வருகிறது."