கடலுக்கு எல்லை போட்ட ஜமீன்

ஜமீன் கோம்பை இனத்து வேட்டை நாய். செம்மண் நிறம், விறைத்த காது, அரிவாள் போல வளைந்த வால். பொட்டு அவனோடு வளர்ந்த குட்டைக்கால் பெண் நாய். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். இருவரும் மலையடிவாரத்துத் தோப்பில் பிறந்தவர்கள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவர்களுடைய எஜமானர் சேவுகன் ஒரு பழைய வேனை வாங்கி வீடாக மாற்றினார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் துணி காயப்போட ஒரு கயிறு. மனைவி அங்கயற்கண்ணியையும் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் கிளம்பிவிட்டார்.

ஜமீனுக்கு ஒரு கொள்கை உண்டு. எங்கே காலைத் தூக்குகிறானோ அந்த இடம் அவனுடையது! வண்டி நின்ற இடத்திலெல்லாம் குதித்து இறங்கினான். மைல்கல், டீக்கடைப் பந்தக்கால், உப்பளத்து வரப்பு, எதையும் விட்டுவைக்கவில்லை.

“இதுவரைக்கும் எத்தனை ஊருண்ணே நம்மது?” என்று கேட்டாள் பொட்டு.

“பதினேழு! திரும்பி வர்றப்ப பாரு, அத்தனை நாயும் எந்திரிச்சு நின்னு வணக்கம் வைக்கும்!”

வண்டி கிளம்பிய மறுநிமிடமே அந்தந்த ஊர் நாய்கள் அதே கல்லில் காலைத் தூக்கின. பாவம், அது ஜமீனுக்குத் தெரியாது. பொட்டு அவன் சொன்னதை அப்படியே நம்பினாள்.

இரண்டு நாளாகச் சவுக்குத் தோப்புகள் கடலை மறைத்தபடியே வந்தன. ஓர் இரைச்சல் மட்டும் கூடவே வந்தது. மூன்றாம் நாள் காலை, ஆளில்லாத ஒரு கடற்கரையில் வண்டி நின்றது. கதவு திறந்ததும் இருவரும் குதித்தார்கள். குதித்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அக்கரை என்று ஒன்று இல்லவே இல்லை. வானம் நிற்க வேறு இடமில்லாமல் அதன் மேலேயே இறங்கியிருந்தது.

“அண்ணே, இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?” என்று மெல்லக் கேட்டாள் பொட்டு.

ஜமீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். தன் பதினேழு ஊரையும் சேர்த்து வைத்தாலும் இதில் ஒரு மூலைக்குக் காணாது என்று தோன்றியது. அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன இருந்தா என்ன? இதுவும் நம்மதுதான்!” என்று ஓடிப்போய், நுரை தொட்ட ஈர மணலில் காலைத் தூக்கினான்.

அது கடல் வற்றுகிற வேளை. அலை கொஞ்சம் உள்வாங்கியது.

“பாத்தியா! பயந்து பின்வாங்குது!” என்று கூவினான் ஜமீன். பத்தடி நடந்தான், காலைத் தூக்கினான். கடல் இன்னும் பின்வாங்கியது. வளையிலிருந்து ஒரு நண்டு கண்ணை நீட்டியது.

“ஏம்ப்பா, அது பயந்து போகல! தெனமும் போகும், தெனமும் வரும். வர்றப்ப உன்கிட்ட கேட்டுக்கிட்டு வராது!”

“உள்ளங்கை அளவு பொந்துல இருந்துக்கிட்டு எனக்கு நீ புத்தி சொல்றியா? போ உள்ளே!” என்றான் ஜமீன். நண்டு உள்ளே போய்விட்டது.

கடல் விலக விலக இருவரும் நடந்தார்கள். வெகு தூரத்தில் ஒரு மணல் திட்டு. அதன் உச்சியில் கடைசியாக ஒருமுறை எல்லை போட்டுவிட்டு, ராஜா மாதிரிக் காலை நீட்டிப் படுத்தான் ஜமீன். பொட்டுவும் பக்கத்தில் சுருண்டாள். வெயில் இதமாக இருந்தது. தூங்கிப்போனார்கள்.

பாதத்தைத் தண்ணீர் நக்கியபோதுதான் ஜமீன் விழித்தான். உச்சி வெயில். கரையில் அவர்களுடைய வேன் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. நடுவில் முழுக்கத் தண்ணீர்! அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, தன் வாடையை மோந்துகொண்டே திரும்புவது. மோந்து மோந்து பார்த்தான். ஒரு துளி வாடை இல்லை. போட்ட எல்லை அத்தனையும் கழுவிப் போயிருந்தது.

“நில்லு! இது என் இடம்! நில்லுன்னு சொல்றேன்ல!” என்று குரைத்தான்.

கடல் நிற்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவன் அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

பொட்டுவின் வயிறு வரை தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு நீந்தத் தெரியாது. “உங்களுக்குப் பயந்து பின்வாங்குதுன்னு சொன்னீங்களேண்ணே!” என்று நடுங்கினாள்.

ஜமீனின் வால் தானாகவே இறங்கியது. “இது நம்மது இல்ல பொட்டு. நான் சும்மா உளறிட்டேன். என்னை மன்னிச்சுரு!”

அதற்குப் பிறகுதான் அவன் கடலை ஒழுங்காகப் பார்த்தான். தண்ணீருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், கரைப்பக்கமாக வளைந்த ஒரே வரிசையில் நின்றிருந்தன. நீந்துகிற பறவை இல்லையே, எப்படி நிற்கிறது? அடியில் மேடு இருக்கிறது!

“அக்கா! உங்க வரிசையில நடந்தா கரைக்குப் போயிரலாமா?” யாரிடமும் வழி கேட்காத ஜமீன் கெஞ்சினான்.

“வா, வா! இடது பக்கம் மட்டும் விலகாதே, ஆழம்!” என்றது முதல் கொக்கு.

பொட்டுவின் பிடரியைக் கவ்விக்கொண்டு இறங்கினான். தண்ணீர் மார்பைத் தொட்டது, பிறகு கழுத்தை. கடைசிக் கொக்கைத் தாண்டியதும் கால் எட்டவில்லை. நீந்தினான். வாயில் பொட்டு இருந்ததால் குரைக்க வழியில்லை. வாயை மூடிய பிறகுதான் கடலின் சத்தம் முழுதாகக் காதில் விழுந்தது. எவ்வளவு பழைய சத்தம்! வயிற்றுக்கு அடியில் ஆயிரம் வெள்ளி மீன்கள் ஒரே திருப்பில் திரும்பின. ஒரு பெரிய அலை வந்தது. தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போல இருவரையும் தூக்கிக் கரையில் விட்டுவிட்டுப் போனது.

“எங்கடா போய்த் தொலைஞ்சீங்க!” என்று துண்டோடு ஓடிவந்தாள் அங்கயற்கண்ணி.

ஈர மணலில் நண்டு புதுசாக வளை தோண்டிக்கொண்டிருந்தது.

“உன் வீடும் போயிருச்சா?” என்று கேட்டான் ஜமீன்.

“தெனம் போகும். தெனம் தோண்டுவேன். அதுக்குப் போய் கடலோட சண்டை போட முடியுமா?”

சாயங்காலம் வரை ஜமீன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கப் பார்க்கக் கடல் பெரிதாகிக்கொண்டே போனது.

மறுநாள் கிளம்பும்போது மைல்கல் பக்கம் போனான். மோந்து பார்த்தான். நாலு நாய்களின் வாடை முன்பே இருந்தது. அவனும் காலைத் தூக்கினான். எல்லை போட அல்ல, முட்டிக்கொண்டு வந்ததால்தான்.

தன்னைவிடப் பெரியதைக் கண்டதும் அதைச் சொந்தம் கொண்டாட ஓடுகிறவன் தத்தளிப்பான். நின்று வியந்து பார்க்கிறவனுக்கே கரைக்கு வழி தெரியும்.