தொம்மை உபதேசியாரின் வாய்

“சாமி, நாளையிலிருந்து வேற ஆளைப் பாத்துக்கோங்க” என்றார் தொம்மை.

தொம்மை அந்தக் கடற்கரை ஊரின் உபதேசியார். இருபத்திரண்டு வருடமாகக் கோவிலில் செபம் சொல்லிக்கொடுப்பவர். வயது அறுபது. எதிரே உட்கார்ந்திருந்த பங்குச்சாமி ரெமிஜியுஸுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் தொம்மை மனசில் கிடப்பதை இறக்கி வைப்பது அவரிடம் மட்டும்தான்.

“என்ன ஆச்சு?”

“நேத்து குடிச்சிட்டேன்.”

தவக்காலம் நாற்பது நாளும் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. உயிர்ப்பு நாளான பாஸ்குத் திருவிழாப் பூசையில் வாசகம் வாசித்ததும் அவர்தான். அன்று சாயங்காலமே கோவில் சுவரோரம் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் விழுந்து கிடந்தார். ஞானோபதேசம் படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிட்டு, பேசாமல் விலகிப் போனார்கள்.

“எத்தனை தரம் உங்க முன்னால முழந்தாள் போட்டுப் பாவத்தைச் சொல்லியிருக்கேன் சாமி! எந்திரிச்சுப் போறேன், திரும்பவும் விழுறேன். ஆண்டவருக்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கும்லா? வாயைத் திறந்தா எனக்கே நாறுது. இந்த வாயால இனி யாருக்கும் செபம் சொல்லமாட்டேன்.”

சாமி சன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, “சூசைமரியான் இன்னைக்குத் தாண்டமாட்டாருன்னு சொல்றாங்க” என்றார்.

தொம்மை நிமிர்ந்தார்.

சாகக் கிடந்த கிழவர் சூசைமரியான் கோவில் வாசலை மிதித்து முப்பது வருடம் ஆகிறது. ஒரு புயலில் அவருடைய தம்பியின் கட்டுமரத்தில் பாய் கிழிந்துபோனது. தன் மரத்தோடு கயிறு கட்டி இழுத்து வந்தார். பாதிக் கடலில் கயிறு அறுந்தது. தம்பி போனான். இவர் மட்டும் கரை சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் ஆண்டவரோடு பேசுவதில்லை. ஊரோடும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

“நான் ரெண்டு தரம் போயிட்டேன்” என்றார் சாமி. “அங்கியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார். நீங்க போங்க.”

“நானா? இவ்வளவு நேரம் நான் சொன்னது…”

“கேட்டேன்.”

“இந்த வாயோடயா, சாமி?”

“அவருக்கு வேற வாய் தேட நேரம் இல்ல.”

உச்சி வெயில். மணல் கொதித்தது. தொம்மை போனார்.

நோயாளியின் மகள் கதவைத் திறந்துவிட்டு, அழுதபடி அடுப்படிக்குள் போய்விட்டாள். தொம்மை கட்டிலிலிருந்து தள்ளியே உட்கார்ந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினார்.

“நிறுத்துலே” என்றார் சூசைமரியான். “கிட்ட வா.”

தொம்மை தயங்கித் தயங்கி அருகில் போனார்.

“கயிறு அறுந்து போச்சுன்னு ஊர் பூரா சொல்லுது. அறுந்து போகல. நான்தான் அறுத்தேன்.”

தொம்மை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு மரமும் சேந்து போயிரும்னு பயம். கத்தியை எடுத்துட்டேன். அவன் பாத்துட்டான். ‘அண்ணே’ன்னு ஒரே ஒரு தரம் கூப்பிட்டான்.” கிழவருக்கு மூச்சு வாங்கியது. “இப்பச் சொல்லு. என்னை அவரு ஏத்துக்கிடுவாரா?”

“ஏத்துக்கிடுவாரு, அண்ணே.”

யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல. அந்த ‘அண்ணே’யைக் கேட்டதும் கிழவரின் உடம்பு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“எனக்காகச் சும்மா சொல்லுத.”

“சும்மா சொல்லல. நீரு முகத்தைத் திருப்பினாப் போதும். மிச்ச தூரத்தை அவரு நடந்து வருவாரு. எவ்வளவு தூரம் போனவனா இருந்தாலும் வருவாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தொம்மை பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

சூசைமரியானின் மூக்கு விடைத்தது. “குடிச்சிருக்கியா?”

தொம்மையின் தலை தொங்கிப்போனது. “நேத்து. இருபது வருசமா இப்படித்தான். விடுவேன். விழுவேன்.”

“அதுக்கப்புறமும் அவருகிட்டப் போறியா?”

“போறேன். வேற எங்க போவேன்?”

கிழவர் எலும்பாகிப்போன கையால் தொம்மையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

சற்றுக் கழித்து, “போய் சாமியைக் கூட்டிட்டு வா.”

அறுபது வயது தொம்மை அந்தக் கொதிக்கிற மணலில் ஓடினார். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமி சாகிறவருக்குப் பூசும் எண்ணெயும் நற்கருணை அப்பமும் எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொம்மை மகளோடு வெளியே வெயிலில் நின்றார். உள்ளிருந்து முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு கிழவன் வாய்விட்டு அழுகிற சத்தம்.

கதவு திறந்தது. மகள் உள்ளே ஓடினாள். அவள் கையைப் பிடித்தபடியே சூசைமரியான் போய்ச் சேர்ந்தார்.

சாமியும் தொம்மையும் கரையோரமாகத் திரும்பி நடந்தார்கள். ஓரிடத்தில் சாமி நின்றார். ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, பாவ மன்னிப்புக் கொடுக்கும்போது அணியும் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“இனி உங்க பாவசங்கீர்த்தனம்” என்றார்.

தொம்மை மணலில் முழந்தாள் போட்டார். வாயைத் திறந்தார். மூடினார்.

“எதிலிருந்து தொடங்க, சாமி?”

“ஆண்டவரைப் பத்திச் சூசைமரியான்கிட்ட நீங்க சொன்னதிலிருந்து.”