அடியில் ஒட்டிய சீட்டு

நாகர்கோவிலில் ஒரு வீட்டின் முன்னறையில் நீல நிற சோபா ஒன்று இருந்தது. வீட்டுக்காரி ரெஜினாவின் மகள் ஷெரின் முதன்முதலில் எழுந்து நின்றதே அதைப் பிடித்துக்கொண்டுதான். அதில் சோபாவுக்கு ஏகப்பட்ட பெருமை. இன்னொரு பெருமையும் உண்டு. தீப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த பஞ்சு உள்ளே இருப்பதாகச் சொல்லித்தான் கடைக்காரர் அதை விற்றிருந்தார். இந்தப் பிள்ளையைத் தீ அண்ட விடமாட்டேன் என்று அது நினைத்துக்கொள்ளும்.

ஒருநாள் ஷெரின் கைப்பிடியின் ஓரத்தைக் கடித்து இழுத்ததில் தையல் விட்டது. உள்ளிருந்து மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. குழந்தை அதைக் கையால் அளைந்து, விரலை வாயில் வைத்தது.

என்ன தூள் அது என்று சோபா பஞ்சிடம் கேட்டது.

"நான்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உதிர்கிறேன். மருந்தும் கூடவே போகிறது."

"போகட்டுமே. நல்ல மருந்துதானே?"

பஞ்சு சொன்னது: "தீக்குத்தான் அது மருந்து. உடம்புக்குள் போனால் விஷம்."

சோபா விறைத்துப்போயிற்று. "உனக்கு இது எப்போது தெரியும்?"

"கலக்கும்போதே. கலந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்."

அன்றிலிருந்து ஷெரின் தவழ்ந்து வந்தாலே சோபா நடுங்கியது. கால் நான்கு இருந்தும் விலகிப் போகத் தெரியவில்லை. குழந்தைக்கு ஏன் எடை ஏறவில்லை என்பது டாக்டருக்கும் பிடிபடவில்லை.

பஞ்சில் விஷம் கலந்ததாக அந்த சோபாவைச் செய்த கம்பெனிமேல் நடந்த வழக்கு ஒருநாள் செய்தியில் வந்தது. ரெஜினா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தவள் வெகுநேரம் இறக்கவேயில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது, கம்பெனி ஆள் வீட்டுக்கே வருவார் என்று கணவன் அமல்ராஜ் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சோபாவுக்கும்தான். தன் வயிற்றைக் கிழித்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அது காத்திருந்தது.

வந்தவர் சோபாவைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு சீட்டை ஒட்டினார். மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் ரெஜினா.

"சமரசத்துல இருக்கிறது இதாம்மா. விஷம் இருக்குன்னு எழுதி ஒட்டணும். எடுக்கணும்னு இல்ல."

அவர் போன கையோடு கணவனும் மனைவியும் சோபாவை வாசலுக்கு இழுத்துப் போட்டு, குப்பை வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஷெரின் ஜன்னல் வழியே கை நீட்டி அழுதாள். சோபாவுக்கோ நிம்மதியாக இருந்தது.

குப்பை வண்டி வருவதற்கு முன்பே ஒரு மினி லாரி வந்து நின்றது. இறங்கிய பெண் சோபாவைத் தட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, நம் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஆகும் என்று டிரைவரிடம் சொன்னாள். இருவருமாக ஏற்றிக்கொண்டு போய்க் காப்பகத்தின் கூடத்தில் இறக்கினார்கள். பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிவந்து ஏறினார்கள். ஒன்று, விட்டுப்போன தையலுக்குள் விரலை நுழைத்தது.

சோபா பதறிப்போய்ச் சீட்டிடம் கெஞ்சியது: "உன்னிடம்தானே எழுத்து இருக்கிறது. சொல்லேன்."

"ஒட்டின நேரத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றது சீட்டு. "தரையைப் பார்த்து."