வீட்டோடு சேர்ந்த சகலமும்

வீடு வாங்குறீங்களே, அதோட சேத்து என்னென்ன வாங்குறோம்னு ஒரு தடவையாவது யோசிச்சுப் பாத்திருக்கீங்களா?

முன்னொரு காலத்துல, பேரு தெரியாத ஒரு நாட்டு ராஜாவுக்கு யானைக் கொட்டிலைப் பெருசாக்கணும்னு ஆசை வந்துச்சு. கொட்டிலை ஒட்டி ஒரு வீடு. பிரதானி கொழுந்தப்பர் அதைப் பாதி விலைக்கு முடிச்சுக் குடுத்தாரு. ஏன் பாதி விலைன்னா, அதுல உப்பு விக்கிற சடைச்சி ஒத்திக்கு இருந்தா. புருஷன் செத்தப்புறம் மாடு, நகை எல்லாத்தையும் வித்து வீட்டுக்காரன் கையில குடுத்திருந்தா. அந்தப் பணம் திரும்பி வர்ற வரைக்கும் வாடகையில்லாம அங்கேயே இருக்கலாம். அதுதான் ஒத்தி. வீட்டுக்காரனோ ராஜா காசை வாங்கிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டான். பிரதானிக்கு இதெல்லாம் தெரியும்.

சபையில பிரதானி எந்திரிச்சாரு. "மன்னா, கிரய ஓலையில் 'வீடும் வீட்டோடு சேர்ந்த சகலமும் அரசருக்கே' என்று எழுதியிருக்கிறேன். ஒரு பெண் மட்டும் நகர மறுக்கிறாள். நம் விகடகவி பேச்சியப்பர் வாய்ச் சாமர்த்தியக்காரர். அவரே போய்க் காலி செய்து தரட்டும்."

செஞ்சா ஊரு காறித் துப்பும். செய்யலன்னா ராஜா சும்மா விடமாட்டாரு. பிரதானிக்கு எதுன்னாலும் சந்தோசம்தான்.

"சகலமும் மாலைக்குள் இங்கே வரவேண்டும்," ன்னாரு ராஜா. "ஒன்று குறைந்தாலும் உம் தலை."

பேச்சியப்பன் போனப்ப சடைச்சி உப்பு அளந்துக்கிட்டிருந்தா.

"வாங்க. சிரிக்க வெச்சுக்கிட்டே கழுத்தை அறுப்பீங்களாமே."

"புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வண்டியில ஏறு தாயி."

சாயங்காலம் சபை நடுவுல உப்பு மூட்டை, பானை சட்டி, ஒரு சினையாடு, சடைச்சி, மூணு புள்ளைங்க.

"என்ன கூத்து இது?"

"வீட்டோடு சேர்ந்த சகலமும், மன்னா. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒத்திக் கடன். வீட்டோடு அதையும் தாங்கள்தான் வாங்கியிருக்கிறீர்கள். பாதி விலை என்று பிரதானி மகிழ்ந்தாரே, மீதிப் பாதி இதோ ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது."

"சாமி, எனக்கு வீடு வேணாம்," ன்னா சடைச்சி. "என் பணத்தக் குடுத்துருங்க, போயிடறேன்."

பிரதானி மூஞ்சி செத்துப்போச்சு. ராஜா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு.

"வென்றீர், பேச்சியப்பரே. வெகுமதியாக அந்த வீட்டை உமக்கே தந்தோம்."

சபை கை தட்டுச்சு. பேச்சியப்பன் குனிஞ்சு கும்பிட்டான். அவன் நிமிர்றதுக்குள்ள ராஜா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "வீடு உமக்கு. அது நிற்கும் மனை எனக்கு. கடன் வீட்டோடு சேர்ந்தது என்று நீரே சொன்னீர்."

இந்தத் தடவை முதல்ல சிரிச்சது பிரதானி.

"அப்ப என் பணத்த யாரு குடுக்கறது?" ன்னு சடைச்சி கேட்டா. சபை கலைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் காலையில ரெண்டு யானைங்க வந்து வீட்டை இடிச்சுது. சடைச்சி உத்திரக் கட்டைங்களை வண்டியில ஏத்திக்கிட்டு, புள்ளைங்களோட பேச்சியப்பன் வாசல்ல வந்து இறங்குனா.