பலிக்காத வாக்கு

"இனிமே நான் யாருக்கும் எதுவும் சொல்றதா இல்ல, டாக்டரம்மா."

மூச்சிரைக்க மலையிறங்கி வந்து இப்படிச் சொன்னவள் கிராம நர்ஸ் இருதயமேரி. கேட்டுக்கொண்டிருந்தவள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தமயந்தி. மேரியைவிடப் பத்து வயது சின்னவள். எந்தக் கர்ப்பிணிக்கு என்ன ஆபத்து வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க மேரிக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது?

"என்னக்கா ஆச்சு?"

"ஊரே சிரிக்குது. கோடாங்கி உடுக்கையடிச்சுக் குறி சொன்னா பலிக்குதாம். நான் சொன்னா ஒண்ணுகூடப் பலிக்கலையாம்."

"அப்படியா?"

"பாப்பாத்திக்கு ரத்தப்போக்கு வரும்னேன். கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போனா, குத்துக்கல்லாட்டம் திரும்பி வந்தா. வெள்ளையம்மா ஒடம்பு தாங்காதுன்னேன். அவளும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கிறா. பொய் சொல்ற நர்ஸுன்னு பேராயிடுச்சு எனக்கு."

தமயந்தி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அது மேரியின் கண்ணில் பட்டுவிட்டது. கோபம் இன்னும் ஏறியது.

"இதுக்காகவா இப்படி ஓடி வந்தீங்க?"

மேரியின் குரல் இறங்கிவிட்டது.

"மயிலாவுக்கு நெறமாசம். பிரஷர் ஏறிக் கெடக்கு. தலைவலி தாங்கலங்கறா. சோதனைக்கு மூத்திரத்தக் காய்ச்சினா பால் திரிஞ்சாப்ல வருது. எப்ப வேணா வலிப்பு வரலாம். மாமியார் சடைச்சி அனுப்ப மாட்டேங்குறா. 'ஓன் வாக்குதான் பலிக்காதே, போ தாயி'ன்னு கதவச் சாத்திட்டா."

சொல்லும்போதே மேரிக்கு அழுகை வந்துவிட்டது. மயிலா என்றால் அவளுக்கு உயிர்.

தமயந்தி உடனே எழுந்தாள். ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

சடைச்சி வாசலிலேயே மறித்தாள்.

"நீங்களும் பயங்காட்டத்தான் வந்தீங்களா?"

"இல்லம்மா, ஒண்ணு கேக்க வந்தேன். இந்த அக்கா சொன்னது எதுவுமே பலிக்கிறதில்லையாமே, நெசமா?"

மேரியின் முகம் சுண்டிப்போயிற்று. குருவே காலை வாரிவிட்டாளே.

"எதுவுமே பலிக்கல," என்றாள் சடைச்சி, திருப்தியாக.

"ஆபத்துன்னு இவங்க சொன்ன பொம்பளைங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

"என்ன ஆவாங்க? கீழ போயிப் பெத்துக்கிட்டு, ஒரு கொறையுமில்லாம வந்துட்டாங்க."

"இவங்க இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி?"

சடைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்வை மேட்டுப்பக்கம் போயிற்று. தலைப்பிரசவத்தோடு போன மூத்த மகளை அங்கேதான் புதைத்திருந்தார்கள்.

"அப்ப சொல்ல ஆளில்ல," என்றாள் கடைசியில்.

உள்ளே மயிலா முனகும் சத்தம் கேட்டது.

சடைச்சி கதவை விட்டு விலகினாள். மேரியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வா தாயி. எம் மருமவளுக்கும் அதையே சொல்லு. சொல்லி, வண்டியில ஏத்து."